வீட்டில் ஒரு பின்பால் பெட்டி: காசு கண்ணுக்கா, கைக்கா?

சரிவான மேசையில் உருண்டு வரும் இரும்புப் பந்தை, கீழே நழுவ விடாமல் ஃபிளிப்பர் என்ற துடுப்புகளால் அடித்து ஆடுவதுதான் பின்பால். கணினியில் ஓடும் பின்பாலில் அந்த மேசைப் பலகையின் இடத்தில் ஒரு டிவி படுத்திருக்கும். அதற்கு நிஜ அளவில் பெட்டி கட்டப்போகிறேன் என்று சொன்னால் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "டிவி எத்தனை இன்ச்?" நானும் அங்கேதான் ஆரம்பித்தேன். இரண்டு பெட்டி கட்டிய பிறகு சொல்கிறேன், அது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி.

இருந்தாலும் அதையே முதலில் முடித்துவிடுவோம். 1990களில் வில்லியம்ஸ் நிறுவனம் செய்த வழக்கமான பின்பால் மேசையில் ஆட்டப்பலகை 20.25 இன்ச் அகலம், 46 இன்ச் நீளம். பெட்டியின் உள்ளகலம் 20.5 இன்ச். 43 இன்ச் டிவியைத் திருப்பி வைத்தால் படம் மட்டுமே 21 இன்ச் அகலம் வரும், நீளம் 37.5. அதாவது, அசல் வரைபடத்தை அப்படியே வைத்துப் பெட்டி செய்தால் டிவி உள்ளே இறங்காது. நான் அப்படித்தான் செய்யச் சொன்னேன். தச்சர் டேப்பை டிவி மேல் ஒரு தடவை, பெட்டி மேல் ஒரு தடவை வைத்துப் பார்த்தார். "சார், பெட்டியைப் பிரிச்சுக்கலாம். டிவியை அறுக்க முடியாது" என்றார். ஒரு பிளைவுட் ஷீட் வீண். 43 இன்ச் வேண்டுமென்றால் அகலப் பெட்டி அளவில் தொடங்குங்கள். 32 இன்ச் என்றால் படம் 28க்கு 15.7. பந்து கொஞ்சம் சின்னதாகத் தெரியும், ஆனால் சின்ன அறைக்கு அது போதும்.

அளவைவிடப் பெரிய விஷயம் தாமதம். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே 16.7 மில்லி நொடி, 120 ஹெர்ட்ஸில் 8.3. இதோடு டிவி தன் பங்குக்குப் படத்தை மெருகேற்ற எடுத்துக்கொள்ளும் நேரமும் சேரும். அந்த மெருகேற்றலைக் குறைக்கும் கேம் மோடைப் போடாமல் ஆடினால், பந்து நழுவிப் போன பிறகுதான் ஃபிளிப்பர் எழும். 60 ஹெர்ட்ஸில் ஓடும் 4கே டிவியா, 120 ஹெர்ட்ஸில் ஓடும் கம்மி ரெசொல்யூஷன் திரையா என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவதை எடுப்பேன்.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம்: கைக்கு வரும் அடி. நிஜ மேசையில் பொத்தானை அழுத்தினால் காயிலுக்குள் (கம்பிச்சுருள்) இரும்புத்தண்டு பாய்ந்து பெட்டியே அதிரும். அதை வரவழைக்க மூன்று வழிகள் போட்டி போடுகின்றன.

முதலாவது சோலனாய்ட், அதாவது அதே காயிலும் தண்டும். நிஜத்துக்கு மிக நெருக்கமான அடி இதில்தான் கிடைக்கும். ஆனால் பந்தைப் பிடித்து நிறுத்த ஃபிளிப்பரைத் தூக்கியபடி வைத்திருப்போமே, அந்த நேரம் முழுவதும் மின்சாரம் பாயும். மலிவான சோலனாய்ட் சூடேறிக் கருகிவிடும். அடித்த பிறகு மின்சாரத்தைக் குறைக்கும் கண்ட்ரோலர் வேண்டும்.

இரண்டாவது கான்டாக்டர். கிணற்று மோட்டார் ஸ்டார்ட்டரை அழுத்தினால் "டக்" என்று ஒரு சத்தம் வருமே, அதே சாமான்தான். 24 வோல்ட் டிசி காயில் உள்ளதாக நாலைந்து வாங்கிப் பெட்டியின் சுவரில் இறுக்கமாகத் திருகினால் போதும். மணிக்கணக்கில் இழுத்துப் பிடித்திருக்கவே செய்யப்பட்டது என்பதால் கருகாது. அடி கொஞ்சம் வறட்சிதான். ஆனால் காசுக்கு இதைவிட நல்ல பொருள் இந்தப் பெட்டியில் வேறு எதுவுமில்லை.

(சோலனாய்டோ கான்டாக்டரோ, காயிலுக்குக் குறுக்கே 1என்4007 டையோடைப் போட மறக்காதீர்கள். மின்சாரம் அறுபடும் நொடியில் காயில் எதிர்த்திசையில் உதைக்கும். "அப்புறம் போட்டுக்கொள்ளலாம்" என்று விட்ட ஒரே ஒரு டையோடுக்காக காயிலுக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் இரண்டு மாஸ்ஃபெட்டை (ஒரு வகை டிரான்சிஸ்டர்) நான் பறிகொடுத்தேன்.)

மூன்றாவது எக்ஸைட்டர். கூம்பு இல்லாத ஸ்பீக்கர் என்று வைத்துக்கொள்ளலாம், ஒட்டிய பலகையையே அதிர வைக்கும். நான்கு மூலையிலும் ஒட்டி, 7.1 சவுண்ட் கார்டிலிருந்து ஆம்ப்ளிஃபயர் வழியே ஓட்டினால், பந்து மேலிருந்து உருண்டு வருவது உள்ளங்கையில் தெரியும். கான்டாக்டரால் இது முடியவே முடியாது, அதற்கு அடிக்க மட்டும்தான் தெரியும். எக்ஸைட்டருக்கோ அந்த அடியில் வலு போதாது. அதனால் என் பெட்டியில் இரண்டும் இருக்கின்றன. கீழ்வீட்டுக்காரர் ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு மேலே வந்து கதவைத் தட்டிய பிறகு, 24 வோல்ட் சப்ளைக்குத் தனியாக ஒரு சுவிட்ச் வைத்தேன். பத்து மணிக்கு மேல் எக்ஸைட்டர் மட்டும்தான்.

பெட்டியைத் தள்ளினால் பந்தும் நகர வேண்டுமே? அதற்குக் கேஎல்25இசட் என்ற சின்ன கண்ட்ரோலர் போர்டில் பின்ஸ்கேப் மென்பொருளை ஏற்றுங்கள். மென்பொருள் இலவசம், அசைவை உணரும் ஆக்ஸிலரோமீட்டர் போர்டிலேயே இருக்கிறது. பொத்தான்களைக் கணினியோடு இணைக்க மட்டும் தெரிந்த பட்டன் என்கோடர் இதைவிட மலிவுதான், ஆனால் தள்ளுவதற்கும் ஒரு பட்டனைத்தான் அழுத்த வேண்டும். பின்பாலில் பட்டனை அழுத்தித் தள்ளுவதில் என்ன சுகம்?

கட்ட நேரமில்லை என்பவர்களுக்கு அட்கேம்ஸ் நிறுவனத்தின் லெஜண்ட்ஸ் பின்பால் மாதிரி 32 இன்ச் திரையோடு தயாராக வருபவை உண்டு. மோசமில்லை.

மென்பொருளில் போட்டி இரண்டு பேருக்குள்தான். விஷுவல் பின்பால் இலவசம், திறந்த மூலம். மேசைகளை ஆர்வலர்களே செய்து தருகிறார்கள், பழைய மேசைகளின் ரோம் (அவற்றின் சிப்பில் இருந்த நிரல்) விபின்மேம் என்ற எமுலேட்டர் வழியே ஓடும். நிறுவி முடிப்பதற்குள் ஒரு வாரம் போய்விடும். ஜென் ஸ்டூடியோஸின் பின்பால் எஃப்எக்ஸை நிறுவ அரை மணி நேரம் போதும், ஆனால் மேசைகளைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். உரிமமும் நிலையில்லாதது: பின்பால் ஆர்கேட் என்ற வேறொரு ஆட்டத்தில் வில்லியம்ஸ் மேசைகளின் விற்பனை 2018 ஜூனோடு நின்றுபோனது, அதே ஆண்டில் அந்த மேசைகள் ஜென்னிடம் வந்தன. நான் விஷுவல் பின்பால் பக்கம். ஆனால் 1997ல் வந்த மெடீவல் மேட்னஸ் என்ற மேசை இரண்டிலும் இருக்கிறது, மாற்றி மாற்றி ஆடிப் பாருங்கள். தூக்கிய ஃபிளிப்பரில் பந்து வந்து அடங்கும் விதமே வேறாக இருக்கும்.