நட்டைத் தப்பாக வைக்கவே முடியாதபடி: வெல்ட் நட்டு, ஸ்டட், கிளிஞ்ச் நட்டு – எது எங்கே பொருந்தும்?

ஒரு தகட்டுப் பெட்டியில் ஒரு நட்டு விட்டுப்போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். வெல்டிங் மேடையிலேயே தெரிந்தால் அரை நிமிட வேலை. பவுடர் கோட்டிங் முடிந்து வந்தபின் தெரிந்தால் பெயிண்டைச் சுரண்டி, பற்றவைத்து, மறுபடியும் கோட்டிங்குக்கு அனுப்ப வேண்டும். வாடிக்கையாளர் இடத்தில், உள்ளே வயரிங் எல்லாம் முடிந்தபிறகு தெரிந்தால், அந்தப் பெட்டியின் லாபம் மட்டுமல்ல, அடுத்த ஆர்டரும் போயிற்று. சிங்கப்பூரின் துவாஸ், ஜூ கூன், உட்லண்ட்ஸ் பக்கம் தகட்டு வேலை பார்க்கும் எல்லோருக்கும் இந்த மூன்று நிலையும் தெரியும். அதனால் தகட்டோடு பற்றவைக்கும் வெல்ட் நட்டா, பற்றவைக்கும் மரைத்தண்டான ஸ்டட்டா, பிரஸ்ஸில் அழுத்திப் பதிக்கும் கிளிஞ்ச் நட்டா என்று முடிவெடுக்கும்போது விலையையும் வலிமையையும் பார்ப்பதற்கு முன்னால் நான் கேட்பது ஒன்றுதான்: இதைத் தவறாக வைத்தால் எந்தக் கட்டத்தில் பிடிபடும்?

சிங்கப்பூரில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் கனம் உண்டு. உலகின் செமிகண்டக்டர் உற்பத்திக் கருவிகளில் சுமார் 20 விழுக்காடு இங்கே தயாராகிறது என்கிறது பொருளியல் வளர்ச்சிக் கழகம். அந்தக் கருவிகளின் சட்டங்களும் உறைகளும் தகட்டுப் பட்டறைகளில்தான் உருவாகின்றன. காலையில் அங்குலத்தில் வரைந்த அமெரிக்க டிராயிங் வரும். மாலையில் மில்லிமீட்டரில் ஒன்று வரும். எண்ணிக்கையும் சிறியது: இன்றைக்கு முப்பது பெட்டி, நாளைக்கு வேறு பெட்டி. மெஷின் முன் நிற்பவர்களில் தமிழர், சீனர், மலேசியர், மியன்மார்காரர் என்று எல்லோரும் உண்டு. சுவரில் ஒட்டிய எச்சரிக்கைத் தாளை நம்பி இங்கே தரம் காக்க முடியாது. பொருளின் வடிவமே பேச வேண்டும்.

இந்த எண்ணத்துக்கு முன்னோடி ஜப்பானியத் தொழில்துறைப் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோ. 1961இல் ஜப்பானின் யமடா எலக்ட்ரிக் ஆலையில் ஒரு சுவிட்சுக்குள் இரண்டு ஸ்பிரிங் வைக்க வேண்டியிருந்தது. ஊழியர்கள் அவ்வப்போது ஒன்றை மறந்துவிடுவார்கள். 'கவனமாக இரு' என்று அவர் சொல்லவில்லை. முதலில் இரண்டு ஸ்பிரிங்கையும் எடுத்து ஒரு சின்னத் தட்டில் வைக்கச் சொன்னார். சுவிட்ச் முடிந்தபின் தட்டில் ஸ்பிரிங் மிச்சமிருந்தால், ஒன்று விட்டுப்போயிற்று என்று அங்கேயே தெரிந்துவிடும். செலவு என்று பார்த்தால் ஒரு தட்டுதான். இந்தத் தட்டைப் பற்றி மறுபடியும் பேசுகிறேன்.

சதுர நட்டா, கழுத்துள்ள நட்டா?

பழைய பட்டறைகளில் அதிகம் கிடப்பது நான்கு மூலையிலும் புடைப்புள்ள சதுர வெல்ட் நட்டு, டின் 928 என்ற ஜெர்மன் தர வகை. மலிவு, எங்கும் கிடைக்கும். மின்சாரம் அந்தப் புடைப்புகள் வழியாகப் பாய்ந்து அவற்றை உருக்க, அழுத்தத்தில் நட்டு தகட்டோடு ஒட்டிக்கொள்கிறது. சிக்கல் என்னவென்றால், இந்த நட்டுக்குத் தன் இடம் எது என்று தெரியாது. மின்சாரம் பாய்ச்சும் கீழ் முனையில் (எலெக்ட்ரோடு) நிற்கும் பின், அதாவது சின்னத் தண்டு, ஒன்றுதான் துளையையும் நட்டையும் ஒரே நேரில் பிடித்து வைக்கிறது. பின் தேய்ந்தால் நட்டு நகரும். எம்6 (6 மி.மீ. மரை) வேலைக்குப் போட்ட பின்னை மாற்றாமல் எம்8 ஓட்டினால் நட்டு அந்தப் பின்னைச் சுற்றி ஆடிக்கொண்டே பற்றிக்கொள்ளும்.

அதைவிட மோசம் தலைகீழ் நட்டு. புடைப்பு மேலே பார்த்தபடி வைத்தாலும் மெஷின் தன் வேலையைச் செய்துவிடும். தட்டையான முகம் அங்கங்கே லேசாக ஒட்டும். கண்ணால் பார்த்தால் நல்ல நட்டு மாதிரியே இருக்கும், கையால் இழுத்தாலும் வராது. இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து போல்ட்டை இறுக்கும்போதுதான் 'டக்' என்று கழன்று பெட்டிக்குள் விழும். அதாவது, பிடிபடும் இடம் அசெம்பிளி லைன். பட்டறைக்குள் இதைவிடத் தாமதமாகப் பிடிபட முடியாது.

கழுத்துள்ள அறுகோண நட்டு, டின் 929 வகை, இந்த இடத்தில் தெளிவாக ஒரு படி மேலே. மூன்று புடைப்பு, நடுவில் ஒரு சின்ன வளையக் கழுத்து. அந்தக் கழுத்து தகட்டின் துளைக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்வதால் நட்டு தானாகவே மையத்துக்கு வந்துவிடும். பற்றவைக்கும்போது தெறிக்கும் உலோகத்துளி மரைக்குள் போகாமல் மறைப்பதும் அதே கழுத்துதான். தலைகீழாக வைத்தால் கழுத்து மேலே துருத்திக்கொண்டு நிற்கும். புதிதாகச் சேர்ந்தவர் கண்ணுக்கும் அது தப்பாகப்படும்.

அளவுக் குழப்பத்தில்தான் இதன் அழகு தெரியும். எம்6 நட்டின் கழுத்து 8 மி.மீ., எம்8க்கு 10.5 மி.மீ. எம்6க்காக வெட்டிய துளையில் எம்8 நட்டின் கழுத்து இறங்கவே இறங்காது. மறுபக்கம் திறந்திருக்கிறது: எம்8 துளையில் எம்6 நட்டு தாராளமாக இறங்கிவிடும். ஆனால் எலெக்ட்ரோடில் எம்8க்கான பின் நின்றால், எம்6 நட்டின் ஓட்டைக்குள் அந்தப் பின் நுழையாது. பெரிய நட்டைக் கழுத்து தடுக்கிறது, சின்ன நட்டைப் பின் தடுக்கிறது. இரண்டும் சேர்ந்தால் கதவு இரு பக்கமும் பூட்டியாயிற்று. கழுத்துள்ள நட்டை வாங்கிவிட்டு, 'எல்லாவற்றுக்கும் பொது' என்று மெலிந்த பின் ஒன்றையே போட்டு ஓட்டும் பட்டறைகள், காசு கொடுத்து வாங்கிய பூட்டில் பாதியைத் தாங்களே கழற்றி வைக்கின்றன.

வடிவமா, சென்சாரா?

சரி, வடிவத்தால் எல்லாவற்றையும் தடுக்க முடியுமா? நட்டே வைக்காமல் பெடலை மிதித்தால் எந்தக் கழுத்தும் காப்பாற்றாது. அதற்குத்தான் உயரம் அளக்கும் எலெக்ட்ரோடு. மேல் எலெக்ட்ரோடு இறங்கி நட்டைத் தொட்டதும், மின்சாரம் பாய்வதற்கு முன், அது எந்த உயரத்தில் நிற்கிறது என்று சென்சார் பார்க்கும். நட்டு இல்லை, இரண்டு நட்டு ஒட்டிக்கொண்டு வந்தது, தலைகீழ், அளவு மாறியது – ஒவ்வொன்றுக்கும் உயரம் வேறு. பொருந்தாவிட்டால் வெல்டிங் நடக்காது. கார் உதிரிபாகம் செய்யும் இடங்களில் இது சாதாரண விஷயம்.

நம் ஊரின் முப்பது பெட்டி ஆர்டருக்கு இது கட்டுப்படியாகுமா என்பதுதான் கேள்வி. ஒவ்வொரு நட்டு வகைக்கும் தகட்டுக் கனத்துக்கும் எல்லையைத் தனியாகப் பதிய வேண்டும். வேலை மாறும்போது பழைய எண்ணையே விட்டுவிட்டால், நல்ல நட்டையும் நிறுத்தும். நாலு தடவை வீணாக நின்றால் யாராவது சென்சாரை பைபாஸ் செய்துவிடுவார்கள். அதற்கப்புறம் அது இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான். ஒரே பாகம் ஆயிரக்கணக்கில் ஓடினால் சென்சாருக்கு என் ஓட்டு. சில்லறை ஆர்டருக்கு ஷிங்கோவின் தட்டே போதும்: ஒரு பேனலுக்கு எட்டு நட்டு என்றால் எட்டு குழியுள்ள ஒரு தட்டு, பேனல் முடியும்போது குழிகள் காலியாக இருக்க வேண்டும். மரக்கட்டையில் ட்ரில் போட்டுச் செய்துகொள்ளலாம். தலைகீழ் நட்டையும் அளவு மாறிய நட்டையும் கழுத்தும் பின்னும் பார்த்துக்கொள்ளும்.

ஸ்டட்: துளை இல்லாத வசதி, துளை இல்லாத ஆபத்து

வெல்ட் ஸ்டட் வேறு ஜாதி. சேமித்த மின்சாரத்தை ஒரே வீச்சில் விடும் கெபாசிட்டர் டிஸ்சார்ஜ் முறையில் 1 முதல் 3 மில்லி விநாடிக்குள் பற்றிக்கொள்ளும். அவ்வளவு சீக்கிரம் முடிவதால் மெல்லிய தகட்டின் மறுபக்கத்தில் தழும்பே தெரியாது. முன்பக்கம் பளபளவென்று இருக்க வேண்டிய கருவி உறைக்கு இது நல்ல தேர்வு. விட்டுப்போன ஸ்டட்டும் நட்டைப்போல ஒளிந்திருக்காது. நீட்டிக்கொண்டு நிற்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை என்பது தூரத்திலிருந்தே தெரியும்.

ஆனால் துளை இல்லை என்றால் இடம் காட்டவும் ஒன்றுமில்லை. கையில் பிடிக்கும் வெல்டிங் துப்பாக்கியால் போடும்போது 2 மி.மீ. தள்ளிப்போனால், அதன்மேல் உட்கார வேண்டிய பாகம் உட்காராது. லேசரில் வெட்டும்போதே சின்னக் குறியொன்று போட்டுவிடுவது நல்லது. அதைவிட நல்லது, தகட்டின் விளிம்பில் ஒரே ஒரு விதமாக மட்டுமே பொருந்தும் டெம்ப்ளேட். நீளக் குழப்பமும் உண்டு: 15 மி.மீ., 20 மி.மீ. ஸ்டட் இரண்டும் ஒரே பேனலில் இருந்தால் ஒருநாள் மாறத்தான் செய்யும். 20 மி.மீ. எங்கும் இடிக்கவில்லை என்றால் எல்லாவற்றையும் 20 ஆக்கிவிடுங்கள். கூடுதல் 5 மி.மீ. எஃகின் விலை ஒரு திருத்த வேலைக்குக் கால் தூசு.

ஸ்டட்டின் பெரிய பலம் அடுத்த கட்டத்தில் இருக்கிறது. மேலே மாட்டும் பாகத்தை நான்கு ஸ்டட் சமச்சீராகத் தாங்கினால், அதை 180 டிகிரி திருப்பியும் மாட்டிவிடலாம். ஒரே ஒரு ஸ்டட்டை 10 மி.மீ. உள்ளே தள்ளி வையுங்கள். அப்புறம் அந்தப் பாகம் ஒரு விதமாகத்தான் உட்காரும். கணினியில் ஒரு கோடு நகர்த்துகிற வேலை, செலவே இல்லை. சமச்சீராக இருந்தால் டிராயிங் அழகாக இருக்கிறது என்று இதை விட்டுவிடும் வடிவமைப்பாளர்களை நினைத்தால் எனக்கு வருத்தம்தான்.

கிளிஞ்ச் நட்டு: நெருப்பில்லாத வழி

மெல்லிய தகட்டிலும் கால்வனைஸ் (துத்தநாகம் பூசிய) தகட்டிலும் நான் கிளிஞ்ச் நட்டைத்தான் முதலில் யோசிப்பேன். துளைக்குள் வைத்து பிரஸ்ஸில் அழுத்தினால் தகட்டின் உலோகமே நட்டின் பள்ளத்துக்குள் வழிந்து பிடித்துக்கொள்கிறது. தீப்பொறி, துத்தநாகப் புகை, மரைக்குள் தெறிப்பு எதுவுமில்லை. நுழைமுனை ஒரு பக்கம்தான் என்பதால் தலைகீழாக வைத்தால் உட்காராது.

இதன் தவறுகள் வேறு இடத்தில் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, தகட்டின் தப்பான பக்கத்திலிருந்து அழுத்துவது. போல்ட் இறுகும்போது நட்டைத் தகட்டோடு சேர்த்து இழுக்க வேண்டும். பக்கம் மாறினால் தகட்டிலிருந்து வெளியே இழுக்கும், அந்தத் திசையில் நட்டின் பிடி மிகக் குறைவு. பேனலை வளைத்தபின் அழுத்துவதாக வரிசையை மாற்றினால், வளைந்த விளிம்பு பிரஸ்ஸில் இடித்துத் தப்பான பக்கத்தைத் தடுக்கும். இன்னொன்று உலோகம். நட்டு தகட்டைவிடக் கெட்டியாக இருக்க வேண்டும். துருப்பிடிக்காத எஃகுத் தகட்டில் சாதாரண துருப்பிடிக்காத எஃகு நட்டை அழுத்தினால், தகடு வழிவதற்குப் பதில் நட்டு நசுங்கும். பார்வைக்கு உட்கார்ந்த மாதிரி இருந்து பின்னால் விழும். அதற்கென்று கடினப்படுத்திய நட்டு தனியாக உண்டு. இரண்டும் ஒரே வெள்ளி நிறத்தில் இருப்பதால், ஒரே கூரையின்கீழ் இரண்டையும் வைத்திருக்காமல், கடினமானதை மட்டும் வாங்குவதே என் பரிந்துரை.

எந்த வடிவமும் காப்பாற்றாத இடம்

அங்குலமும் மில்லிமீட்டரும் கலக்கும்போது மேலே சொன்ன அத்தனை பூட்டும் தோற்றுவிடும். எம்5 மரையின் இடைவெளி 0.8 மி.மீ.; அமெரிக்க 10-32 மரைக்கு (அங்குலத்துக்கு 32 சுற்று) 0.794 மி.மீ. வெளிவிட்டம் எம்5க்கு 5.0 மி.மீ., 10-32க்கு 4.83 மி.மீ. 10-32 திருகு எம்5 நட்டுக்குள் தளர்வாக முழுக்க ஓடிவிடும். இறுக்கமும் வந்த மாதிரி இருக்கும், பிடி மட்டும் குறைவு. எம்5 திருகு 10-32 நட்டுக்குள் போனால் சிக்கி நிற்கும். கிளிஞ்ச் நட்டுத் துளையும் இரண்டுக்கும் ஏறக்குறைய 6.4 மி.மீ.தான். எம்6க்கும் கால் அங்குல-20க்கும் நட்டின் உள்விட்டம் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் எலெக்ட்ரோடில் நிற்கும் பின்னை வைத்தும் பிரித்தறிய முடியாது.

"அண்ணே, கையில எடுத்தா ரெண்டும் ஒண்ணுதான்" என்று பிரஸ்ஸில் நிற்கும் தம்பி ஒருவர் இரண்டையும் என் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். அவர் சொன்னது சரி. ஒரு மேசையில் இரண்டும் இருக்கக் கூடாது என்பதைத் தவிர இதற்குத் தீர்வு இல்லை. அங்குல வேலைக்குத் தனி வண்டி, தனிப் பெட்டிகள், வேலை முடிந்ததும் மிச்ச நட்டு ஸ்டோருக்கே திரும்ப வேண்டும். முதல் பேனலில் ஒவ்வொரு நட்டிலும் மரை கேஜ் (மரையின் அளவைச் சோதிக்கும் கருவி) இறக்கிப் பார்க்காமல் இரண்டாவது பேனலைத் தொடக் கூடாது. வாடிக்கையாளர் சம்மதித்தால் 10-32 இருக்கும் இடத்தையெல்லாம் ஒரே மெட்ரிக் அளவுக்கு மாற்றிவிடுவது இன்னும் நல்லது. டிராயிங் நிலையிலேயே இதைக் கேட்டுவிட வேண்டும். நாம் கேட்காமல் அவர்களுக்குத் தோன்றாது.

கேட்கும்போது அளவு வகையைக் குறைக்கவும் கேளுங்கள். ஒரே பேனலில் ஏழு எம்6, ஒரு எம்8 என்று வந்தால், அந்த ஒற்றை எம்8 எதற்கு என்று விசாரியுங்கள். எர்த் வயர் இணைப்புக்கு என்றால் நியாயம். வேறு அளவாக இருப்பதே அங்கே நல்லது, வேறெந்த வயரும் தவறி அங்கே போகாது. பழைய டிராயிங்கிலிருந்து அப்படியே வந்தது என்றால் அதையும் எம்6 ஆக்கலாம்.

கடைசியாக, துளைக்குள் நுழைத்து இழுத்தால் பின்பக்கம் புடைத்துப் பிடித்துக்கொள்ளும் ரிவெட் நட்டு. மூடிய குழாய்ச் சட்டத்துக்குள் வெல்ட் நட்டு கழன்று விழுந்துவிட்டால், வெளியிலிருந்தே இதைப் போட்டுவிடலாம். ஆனால் துளை கொஞ்சம் பெரிதாகிவிட்டாலே போல்ட்டோடு சேர்ந்து சுழல ஆரம்பிக்கும். புதிய வடிவமைப்பில் இதை முதல் தேர்வாக வைக்க மாட்டேன். வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் அறுகோண உடல் உள்ளதை, அறுகோணமாகவே லேசரில் வெட்டிய துளையில் போடச் சொல்வேன்; அப்போது சுழல வழியிருக்காது.