யூடியூப் வீடியோவுக்குத் தலைப்பு வைப்பது: மதுரை சேனல் நடத்திப் பார்த்ததில் எது உழைக்கிறது, எது உழைக்கவில்லை

சில வருடங்களாக மதுரையையும் சுற்றுவட்டார ஊர்களையும் பற்றி யூடியூப்பில் வீடியோ போட்டு வருகிறேன். சாப்பாடு, சந்தை, மலை, திருவிழா, இவ்வளவுதான் நம்ம சேனல். எந்தக் கேமரா, எந்த எடிட்டிங் ஆப் என்று கேட்டால் பதில் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். தலைப்பைப் பற்றி மட்டும் ‘ஆளை இழுக்கிற மாதிரி வைங்க’ என்பதோடு முடித்துக்கொள்கிறார்கள். அதனால் தலைப்பு எழுதிப் பழகியதையும், யூடியூப் ஸ்டுடியோவில் (சேனல் நடத்துகிறவர்கள் வீடியோவை நிர்வகிக்கும் பக்கம்) வந்திருக்கும், தலைப்புகளை ஒப்பிட்டுப் பார்க்கும் வசதியைப் பயன்படுத்தியதையும் சேர்த்தே எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பார்க்கிறவர் மனசில் ஏற்கெனவே இருக்கும் கேள்வியை அவர் கேட்கிற மாதிரியே தலைப்பில் எழுதி, அதற்கான பதிலை வீடியோவில் ஒழுங்காகக் கொடுத்தால் அந்தத் தலைப்பு வருடக்கணக்கில் உழைக்கும். மற்ற உத்தியெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

முதலில் இடப் பிரச்சினை. யூடியூப் தலைப்புக்கு 100 எழுத்து வரை கொடுக்கிறது, ஆனால் தமிழில் எழுதுகிற நமக்கு அது 100 இல்லை, ஏனென்றால் கொம்பு, கால், புள்ளி, சுழி எல்லாமே அந்தக் கணக்கில் தனித்தனி. திருப்பரங்குன்றம் நமக்கு 10 எழுத்து, அங்கே 17. கோரிப்பாளையம் 7 எழுத்து, அங்கே 13. ஆகவே 60 எழுத்து கிடைத்தாலே பெரிசு என்று வைத்துக்கொண்டு எழுத வேண்டும். அதிலும் போனில் இரண்டு வரி தாண்டினால் மூன்று புள்ளி வைத்து வெட்டிவிடும். என் அம்மா போனில் எழுத்தைப் பெரிசாக்கி வைத்திருக்கிறார், அதில் இன்னும் சீக்கிரமே வெட்டுப்படும். நான் தலைப்பைச் சரிபார்ப்பதே அந்தப் போனில்தான். முதல் வரியைப் படித்ததுமே எந்த ஊர், என்ன விஷயம் என்று அம்மாவுக்குத் தெரிந்துவிட வேண்டும், தெரியாவிட்டால் திரும்ப எழுதுவேன். ‘மதுரை மக்களே’, ‘வாங்க பார்க்கலாம்’ மாதிரி வார்த்தைகளை முன்னால் வைப்பது இடத்தை வீணடிக்கிற வேலை. சேனல் பெயர், ‘பாகம் 3’ எல்லாம் கடைசிக்குப் போக வேண்டியவை. யூடியூப்பின் உதவிப் பக்கமும் முக்கியமான சொல்லை முன்னால் வை, சேனல் பெயரையும் பாக எண்ணையும் பின்னால் தள்ளு என்றுதான் சொல்கிறது.

அப்புறம், வீடியோவைப் பார்க்க ஆட்கள் எந்த வழியாக வருகிறார்கள் என்பதைப் பொறுத்துத் தலைப்பு மாறும். ஸ்டுடியோவில் இந்தக் கணக்கு தனியாக இருக்கிறது: தேடி வந்தவர்கள், முகப்புப் பக்கத்தில் பார்த்து வந்தவர்கள், இன்னொரு வீடியோவின் பக்கத்தில் கண்டு வந்தவர்கள். சித்திரைத் திருவிழா சமயத்தில் ஜனங்கள் தேடித்தான் வருகிறார்கள். எதிர்சேவை எங்கே, அழகர் ஆற்றில் இறங்குவது எத்தனை மணிக்கு, வண்டியை எங்கே நிறுத்துவது என்பதுதான் அவர்களுக்கு வேண்டும். அந்தத் தலைப்பில் வருடத்தைக் கட்டாயம் போடுவேன், போன வருட நேரத்தை நம்பி யாரும் ராத்திரியில் கிளம்பி வந்துவிடக் கூடாது. பருத்திப்பால் செய்முறைக்கு வருடம் போட மாட்டேன், போட்டால் அடுத்த சித்திரைக்குள் அது பழைய சரக்காகத் தெரியும். ‘பருத்திப்பால் வீட்டில் செய்வது எப்படி? கொட்டை ஊறவைப்பதிலிருந்து’ என்ற சாதாரணத் தலைப்புக்கு இன்றைக்கும் தேடி வருகிறார்கள். கடையில் குடித்துப் பழகி, வெளியூர் போன பிறகு நாக்கு தேடுகிற ஆட்கள் அவர்கள் என்பது கமெண்டைப் படித்தால் தெரியும்.

என்ன தேடுகிறார்கள் என்று கண்டுபிடிக்க நான் செய்வது இரண்டே வேலைதான். என் பழைய தேடல்கள் கலக்காமல் இருக்க பிரவுசரின் இன்காக்னிட்டோவில் யூடியூப்பைத் திறந்து ‘மதுரை’ என்று அடித்து, அடுத்து ஒவ்வோர் எழுத்தாகப் போட்டால் கீழே என்ன வரிசை வருகிறது என்று பார்ப்பேன். எந்தச் சொல்லை எவ்வளவு தேடுகிறார்கள் என்று கோடு போட்டுக் காட்டும் கூகுள் டிரெண்ட்ஸில் யூடியூப் தேடலை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்க்க வழியுண்டு, ‘ஜிகர்தண்டா’ போன்ற பெரிய சொல்லுக்கு அது உதவும், கீழக்குயில்குடி மாதிரி சின்ன ஊருக்குப் பெரும்பாலும் கோடே வராது. சின்ன ஊருக்குக் கமெண்ட்தான் கதி. கீழக்குயில்குடியில் இருக்கும் சமணர் மலை வீடியோவின் கீழே ‘முட்டி வலி உள்ளவங்க ஏறலாமா?’ என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். பாறையில் வெட்டிய படி வழியாகப் பேச்சிப்பள்ளம் வரை நிதானமாக ஏறி, மூச்சு வாங்கி உட்கார்ந்த இடங்களையும் வெட்டாமல் வைத்து இன்னொரு வீடியோ எடுத்தோம். தலைப்பு: ‘சமணர் மலை: அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஏற முடியுமா?’ தீர்த்தங்கரர் சிற்பங்களைப் பற்றிய முதல் வீடியோ வரலாற்று ஆர்வலர்களிடம் போனது, இது குடும்பங்களிடம் போனது. மலை ஒன்றுதான், வந்த கூட்டம் வேறு.

நல்ல தலைப்பு பல நேரம் நாம் யோசித்து வருவதில்லை, எதிரில் நிற்கிறவர் வாயிலிருந்து வருகிறது. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் விடிகாலை ஷூட்டிங். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது, முகூர்த்த நாளில் விலை எகிறும், பனிக்காலத்தில் வரத்து குறைந்தால் கிலோ ஆயிரங்களில் போகும், இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த கதை. ‘மதுரை மல்லியின் கதை’ என்று தலைப்பு மனசில் ஓடிக்கொண்டிருந்தது. வியாபாரி ஒருவரிடம், “இன்னைக்கு நல்ல விலைதானே அண்ணே?” என்றேன். தராசிலிருந்து கண்ணை எடுக்காமலே, “இன்னைக்கு வந்து என்ன தம்பி கேக்குறீங்க, முகூர்த்தத்துக்கு மறுநா வாங்க, இதே பூவ ஏறெடுத்துப் பாக்க ஆளிருக்காது” என்றார். அவ்வளவுதான், மறுநாளும் போய் எடுத்தோம். ‘முகூர்த்தத்துக்கு மறுநாள் மல்லி விலை என்ன ஆகும்? மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்’ என்று போட்டேன். இந்தத் தலைப்பு வீடியோவின் வரிசையையே மாற்றியது, முதல் காட்சியே மறுநாள் காலியாகக் கிடக்கும் கடைகளிலிருந்து ஆரம்பித்தது. அதிலிருந்து தலைப்பை எழுதிவிட்டுத்தான் எடிட்டிங்கில் உட்காருகிறேன். சொன்ன வாக்கு என்ன என்று தெரிந்தால்தானே எதை வெட்டலாம் என்று தெரியும்.

இப்போது அந்த ஒப்பீட்டு வசதிக்கு வருகிறேன். 2024இல் தம்ப்நெயிலுக்கு (வீடியோவின் முகப்புப் படம்) மட்டும் பரவலாக வந்தது, தலைப்புக்கும் தருவதாக 2025 செப்டம்பரில் அறிவித்தார்கள். ஒரே வீடியோவுக்கு மூன்று வரை கொடுக்கலாம், வெவ்வேறு ஆட்களுக்கு வெவ்வேறு தலைப்பைக் காட்டி எது ஜெயித்தது என்று அதிகபட்சம் இரண்டு வாரத்தில் சொல்லும். கம்ப்யூட்டரில் ஸ்டுடியோவைத் திறந்துதான் செய்ய வேண்டும், ஷார்ட்ஸுக்குக் கிடையாது. இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், எத்தனை பேர் கிளிக் செய்தார்கள் என்பதை வைத்து அது தீர்ப்புச் சொல்வதில்லை, எந்தத் தலைப்பில் வந்தவர்கள் அதிக நேரம் பார்த்தார்கள் என்பதை வைத்துச் சொல்கிறது. ‘வேற லெவல்’, ‘யாரும் சொல்லாத ரகசியம்’ வகைத் தலைப்பில் உள்ளே வந்தவர் அரை நிமிடத்தில் ஓடிவிட்டால் அந்தக் கிளிக்கால் நமக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. சின்ன சேனலுக்கு ஒரு சிக்கல் உண்டு, வீடியோ போதுமான பேர் கண்ணில் படாவிட்டால் சோதனை முடிவு தெரியாமலே முடியும். அதற்கு வழி, ஒரே வாக்கியத்தில் ஒரு சொல்லை மட்டும் மாற்றி மூன்றாக்காமல், மூன்று வேறு கோணங்களைக் கொடுப்பது: ஒன்று கேள்வி, ஒன்று இடப்பெயரும் பொருளும் மட்டும், ஒன்று அங்கே பேசியவரின் வாய்மொழி. வித்தியாசம் பெரிதாக இருந்தால்தான் சின்னக் கூட்டத்திலும் ஏதாவது தெரியும்.

கிளிக் சதவீதத்தை, அதாவது தலைப்பும் படமும் கண்ணில் பட்டதில் எத்தனை சதவீதம் கிளிக் ஆனது என்பதைப் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. யூடியூப்பே சொல்கிற கணக்குப்படி பாதிச் சேனல்களுக்கும் வீடியோக்களுக்கும் அது 2 முதல் 10 சதவீதத்துக்குள்தான் இருக்கிறது. வீடியோ நம் சப்ஸ்கிரைபர்களைத் தாண்டிப் புது ஆட்களிடம் போகப் போக அந்த எண் இறங்கும், அது நல்ல சேதிதான். மூன்றாம் நாள் எண் இறங்கியதும் தலைப்பில் ‘அதிர்ச்சி’ சேர்க்க ஓடுகிற நண்பர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. 2024 டிசம்பரில் யூடியூப் இந்தியாவில் இதற்கென்றே கடுமை காட்டப்போவதாக அறிவித்தது, வீடியோவில் இல்லாததைத் தலைப்பிலோ தம்ப்நெயிலிலோ சொல்கிறவற்றை, குறிப்பாகச் செய்தி சம்பந்தப்பட்டவற்றை, நீக்குவோம் என்று.

தமிழா, ஆங்கில எழுத்தா என்ற கேள்வி எப்போதும் வரும். நம் ஆட்களில் நிறையப் பேர் தமிழை ஆங்கில எழுத்தில்தான் தட்டித் தேடுகிறார்கள். நான் முழுத் தலைப்பையும் தமிழில் எழுதி, ஊர்ப் பெயரையும் பொருளின் பெயரையும் மட்டும் கடைசியில் ஒரு கோடு போட்டு ஆங்கில எழுத்தில் சேர்க்கிறேன். இதைத் தவிர ஸ்டுடியோவில் மொழிகள் பகுதியில் ஆங்கிலத் தலைப்பைத் தனியாகவே கொடுக்கலாம், ஆங்கிலத்தில் யூடியூப் பார்ப்பவருக்கு அது காட்டப்படும். மதுரைக்குச் சுற்றுலா வருகிறவர்கள் அதிகம் என்பதால் திருமலை நாயக்கர் மகால், சமணர் மலை, கீழடி வீடியோக்களுக்கு இதைச் செய்துவிடுகிறேன், பூ மார்க்கெட் வீடியோவுக்கும் செய்தேன். கறி தோசைக்குச் செய்யவில்லை.

பழைய வீடியோக்களின் தலைப்பை மாற்றலாமா என்று கேட்கிறார்கள். தேடல் வழியாக ஆட்கள் வந்துகொண்டே இருக்கும் வீடியோவை நான் தொடுவதில்லை. யாருமே வராமல் கிடப்பதைத்தான் எடுத்து, கீழே உள்ள கமெண்டைப் படித்து, அதில் வந்த கேள்வியைத் தலைப்பாக்கி, அதற்கு வீடியோவில் பதில் இருக்கிறதா என்று ஒருமுறை முழுசாகப் பார்த்துவிட்டு மாற்றுகிறேன்.