பார்கோட் ஆப் ஒன்று என்னிடம் 11,940 ரூபா உருவிவிட்டது

நேற்று வங்கிப் புத்தகத்தைப் பதியக் கொடுத்து வாங்கிப் பார்த்த நேரத்திலிருந்து கை நடுங்குகிறது. 1,990, 1,990, 1,990 என்று ஒரே பெயரில் ஆறு வரி. மொத்தம் 11,940 ரூபா. அந்தப் பெயரை வாசித்ததும் முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான் ஞாபகம் வந்தது, ஒன்றரை மாசத்துக்கு முதல் போனில் போட்டு, இரண்டாம் நாளே அழித்த பார்கோட் ஸ்கான் ஆப்!

எனக்குத் திருகோணமலையில், கோட்டை வாசலிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு சின்னப் பலசரக்குக் கடை இருக்கிறது. பண்டிகைக் காலம் வந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் கடை கடையாக ஏறித் திகதி பார்ப்பார்கள். பின் தட்டில் காலாவதியான பிஸ்கட் ஒன்று கிடந்து அகப்பட்டால் வழக்குத்தான். அதனால் ஸ்ரொக்கை ஒழுங்குபடுத்த நினைத்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு விளம்பரம். பார்கோட்டைக் காட்டினால் விலை, நாடு, காலாவதித் திகதி எல்லாம் சொல்லுமாம்.

ஸ்கான் பண்ண ஆப் வேண்டும் என்று நான் நம்பியதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. 2022ல் பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்கக் கியூஆர் வந்தபோது, என் ஸ்கூட்டிக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று வரிசையில் நின்றவள் நான். பெற்றோல் செட்டில் நின்ற பெடியன் ஒரு ஆப்பைத் திறந்துதான் என் கியூஆரை ஸ்கான் பண்ணினான். அன்றிலிருந்து ஸ்கான் என்றால் ஆப் என்று மனதில் பதிந்துவிட்டது.

சரி, அந்த நிமிடத்துக்கு வருகிறேன். பின்னேரம், வேன்காரர் சாமான் இறக்கிக்கொண்டிருந்தார். வாசலில் வழக்கமாக வரும் மான் ஒன்று கோவா இலைப் பெட்டிக்குள் தலையை விட்டிருந்தது. ஒரு கையால் அதை விரட்டிக்கொண்டு மற்றக் கையால் போனைப் பிடித்திருந்தேன். திரை முழுக்கப் பச்சை. '3 நாள் இலவசம், தொடரவும்.' இலவசம் என்ற சொல் பெரிதாக, கொழுத்த எழுத்தில். அதன் கீழே சாம்பல் நிறத்தில் எறும்பு மாதிரி ஒரு வரி இருந்தது. இன்றைக்குத்தான் அதைக் கண்ணாடி போட்டு வாசித்தேன்: மூன்று நாளுக்குப் பிறகு கிழமைக்கு 1,990 ரூபா. மாசத்துக்கு இல்லை, கிழமைக்கு! அன்றைக்குப் போன் கைரேகை கேட்டது, வைத்தேன். முன்பு போட்டோ சேமிக்க இடம் வாங்கியபோது டெபிட் கார்டைப் போனில் பதிந்திருந்தேன். அதுவே வாசலாகிவிட்டது.

ஆப் என்ன செய்தது என்று கேளுங்கள். ஒரே பால்மாவின் இரண்டு பக்கெட்டை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒன்று திகதி முடிந்தது, மற்றது அன்று வந்தது. இரண்டுக்கும் ஒரே கோடுகள், ஒரே 13 இலக்கம். ஆப் இரண்டுக்கும் 'இலங்கை' என்று மட்டும் சொன்னது. பிறகுதான் அறிந்தேன், கடைச் சாமானில் இருக்கும் சாதாரண பார்கோட்டில் திகதியே கிடையாது, விலையும் கிடையாது. அது வெறும் இலக்கம். 479 என்று தொடங்கினால் அந்த இலக்கம் இலங்கையில் பதியப்பட்டது, 890 என்றால் இந்தியாவில். சாமான் எங்கே செய்யப்பட்டது என்பதைக்கூட அது உறுதியாகச் சொல்லாது. பக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் கண்ணால் தெரிவதைச் சொல்லத்தான் 11,940 ரூபா!

ஒரு பிஸ்கட் பக்கெட்டில் எனக்கு லாபமாக நிற்பது பத்து ரூபா. கணக்குப் போட்டுப் பார்த்தேன், 1,194 பக்கெட் விற்றிருக்க வேண்டும்.

இனி அலைக்கழிப்பு. வங்கியில் இலக்கத் துண்டு எடுத்து ஒரு மணித்தியாலம் இருந்தேன். "நீங்கள்தானே அக்கா கைரேகை வைச்சிருக்கிறீங்கள், எங்களால ஒண்டும் செய்ய ஏலாது, ஆப்காரரிட்டக் கேளுங்கோ" என்றார் அங்கே வேலை செய்யும் பிள்ளை, கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல். காசு கழியும்போது வரும் மெசேஜ் எங்கே என்று கேட்டேன். அது என் பழைய நம்பருக்குப் போயிருக்கிறது. அந்த சிம்மை நான் எப்போதோ எறிந்துவிட்டேன், அது என் பிழைதான். வங்கியின் அவசர இலக்கத்துக்கு எடுத்து, தமிழுக்கு 3ஐ அழுத்தி, பாட்டுக் கேட்டுக்கொண்டே நின்றேன். கடைசியில் லைன் கட்டாகிவிட்டது.

ஆப்காரருக்கு மின்னஞ்சல் போட்டேன். ஒரு நிமிடத்தில் பதில்! உங்கள் திருப்தியே எங்களுக்கு முக்கியம், ஐந்து நட்சத்திரம் தாருங்கள் என்று. திரும்பவும் எழுதினேன், பதிலே இல்லை. ஆப் இறக்கிய அங்காடியிலும் விண்ணப்பம் போட்டேன். கடைசிக் காசு கழிந்து ஐந்து நாளாகிவிட்டதாம், 48 மணித்தியாலம் தாண்டியதால் ஆப்காரரைத்தான் தொடர்புகொள்ள வேண்டுமாம். அவர் இவரைக் காட்ட, இவர் அவரைக் காட்ட, 11,940 ரூபா நடுவில் போய்விட்டது.

இரவு அண்ணன் மகன் வந்தான், உயர்தரம் படிக்கிறவன். "மாமி, கமராவைத் திறந்து காட்டினாலே கியூஆர் வாசிக்குமே, இதுக்கு ஏன் ஆப்?" என்று கேட்டான். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இந்த வயதில் யாரிடம் போய்க் கேட்பது, கேட்டால் சிரிப்பார்கள் என்றுதானே நானாகவே தேடிப் போட்டேன்.

என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கடை திறக்க நேரமாகிவிட்டது. ஆகவே சுருக்கமாக. கியூஆருக்குப் பெரும்பாலான புதிய போன்களில் கமராவே போதும். காசு கட்டும் லங்காகியூஆர் என்றால் உங்கள் வங்கியின் சொந்த ஆப்பில் மட்டும் ஸ்கான் பண்ணுங்கள், வரும் கடைப் பெயரை வாசித்துவிட்டு அழுத்துங்கள். ஆப்பை அழிப்பது சந்தாவை நிறுத்துவது இல்லை, அங்காடிக்குள் போய் 'சந்தாக்கள்' என்ற இடத்தில் தனியாக நிறுத்த வேண்டும். வங்கியில் உங்கள் நம்பர் சரியா என்று இன்றைக்கே பாருங்கள்.

நான் கார்டை நிறுத்திவிட்டேன். புதுக் கார்டுக்கும் கட்டணம் கட்டச் சொல்கிறார்கள்.