கோடை விடுமுறையும் பிள்ளைகள் படிப்பும்: பல ஆண்டுகள் பயன்படுத்திப் பார்த்ததில் தேறியவை

விடுமுறையில் பிள்ளைகள் படித்ததை மறந்துவிடுகிறார்கள் என்பது பெற்றோரின் வெறும் புலம்பல் அல்ல. அமெரிக்க ஆய்வாளர் ஹாரிஸ் கூப்பரும் அவருடைய குழுவினரும் 1996இல் 39 ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்துவிட்டு, கோடையில் சராசரியாக ஒரு மாதப் படிப்பு கரைகிறது என்றார்கள். அதிலும் கணக்குப் போடும் திறனும் எழுத்துக்கூட்டலும்தான் அதிகம் அடிபடுகின்றன. இழப்பு அவ்வளவு பெரிதில்லை, அளந்த தேர்வுகளில்தான் கோளாறு என்று பின்னர் வந்த ஆய்வாளர்கள் சிலர் வாதிடுகிறார்கள். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. என் வீட்டு அனுபவம் கூப்பர் பக்கம்தான் சாய்கிறது. கதை படிக்கிற பிள்ளை விடுமுறையிலும் படிக்கும். வாய்பாடுதான் முதலில் காணாமல் போகும். அதனால் எங்கள் வீட்டில் கணக்கு மட்டும் தினமும் உண்டு, மற்றதெல்லாம் அவரவர் விருப்பம்.

வாய்பாட்டுக்கு நாங்கள் பயன்படுத்துவது லைட்னர் பெட்டி. ஜெர்மன் எழுத்தாளர் செபாஸ்டியன் லைட்னர் 1970களில் பரப்பிய எளிய முறை இது. பெட்டிக்குள் சில அறைகள், அவற்றில் அட்டைகள். அட்டையின் ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை. சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த அறைக்குப் போகும். தவறினால் எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்கே திரும்பிவிடும். முதல் அறையைத் தினமும், இரண்டாவதை ஒரு நாள் விட்டு ஒரு நாள், மூன்றாவதை வாரம் ஒருமுறை எடுத்தால் போதும். காலணி வந்த பெட்டியில் அட்டைத்தாளால் தடுப்பு வைத்துச் செய்தது இன்றும் உழைக்கிறது. பத்து நிமிடத்துக்கு மேல் ஒருநாளும் நீட்டியதில்லை. ஈரெட்டு பதினாறு அட்டை புத்தம்புதிதாக இருக்கிறது. ஏழெட்டு ஐம்பத்தாறு ஓரமெல்லாம் நைந்து, மூலை மடங்கிக் கிடக்கிறது. எங்கே தடுமாற்றம் என்று அறிய இதைவிட நல்ல மதிப்பெண் பட்டியல் எனக்குக் கிடைத்ததில்லை.

எங்களுக்குக் கைகொடுத்த இரண்டாவது கருவி ஸ்க்ராட்ச். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மீடியா லேப் 2007இல் வெளியிட்ட, கணினிக்குக் கட்டளை கொடுக்கும் இலவச நிரல் மொழி. 8 முதல் 16 வயது வரையிலான பிள்ளைகளுக்கென்று வடிவமைக்கப்பட்டது. வண்ணக் கட்டைகளை ஒன்றோடொன்று பொருத்தினால் திரையில் இருக்கும் பூனை நகரும். கணினியில் நிறுவிக்கொண்டால் இணையம் இல்லாமலும் இயங்கும். பிள்ளைகள் கணினித் துறைக்குப் போக வேண்டும் என்ற கணக்கெல்லாம் எனக்கு இல்லை. பாடப் புத்தகத்தில் வறண்டு கிடக்கும் கணிதம் இங்கே தேவையாக மாறுவதுதான் இதன் அருமை. திரையின் நடுப்புள்ளி பூஜ்யம். அகலம் -240 முதல் 240 வரை, உயரம் -180 முதல் 180 வரை. பூனையை இடப்பக்கம் நிறுத்த வேண்டுமானால் மைனஸ் போட்டே ஆகவேண்டும். பள்ளியில் குறை எண் பாடம் வருவதற்கு முன்பே மகனுக்கு அது பழகிப்போனது.

ஒருநாள் மகள் பூனையை வைத்துச் சமபக்க முக்கோணம் வரைய முயன்றாள். மூன்று கோணமும் 60 பாகை என்று அவளுக்குத் தெரியும். எனவே '100 அடி நகர், 60 பாகை திரும்பு' என்பதை மூன்று முறை ஓடவிட்டாள். கோடு சேரவில்லை, பாதி வட்டம்போல் வளைந்து நின்றது. ஆறு முறை என்று மாற்றினாள். அழகான அறுகோணம் வந்தது, அவளுக்கு அழுகையும் வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை (அதுதான் கஷ்டமான பகுதி). கடைசியில் தரையில் சாக்பீஸால் முக்கோணம் போட்டு, அதன்மேல் தானே நடந்து பார்த்தாள். மூலையில் திரும்பும்போது உடம்பு 60 பாகை அல்ல, 120 பாகை திரும்புகிறது. வெளிக்கோணம் என்ற பெயர் பிறகு வந்தால் போதும்.

ஸ்க்ராட்சில் குறையும் உண்டு. கண்காணிப்பு இல்லையென்றால், அதன் இணையதளத்தில் பிறர் செய்து வைத்திருக்கும் விளையாட்டுகளை ஆடுவதிலேயே பொழுது போய்விடும். பிறர் விளையாட்டைத் திறந்தால் அதில் ஒன்றையாவது மாற்றிக் காட்ட வேண்டும் என்று ஒரு விதி வைத்தேன், ஓரளவு எடுபட்டது. எழுத்துக் கூட்டத் தெரியாத 5 முதல் 7 வயதுக்காரர்களுக்கு ஸ்க்ராட்ச்ஜூனியர் தனியாக இருக்கிறது.

வாசிப்புக்கு நூலகம். அது எட்டாத நாட்களில் ஸ்டோரிவீவர்: சிறுவர் நூல்கள் வெளியிடும் இந்தியப் பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய இணையதளம், தமிழ் உட்படப் பல மொழிகளில் இலவசப் படக்கதைகள், நான்கு வாசிப்பு நிலைகள். ஒரே கதையை இரண்டு மொழிகளில் திறந்து ஒப்பிட்டு, 'இந்த இடம் சரியில்லை' என்று குறை சொல்வது மகளுக்குப் பிடித்த வேலை. என்ன படிப்பது என்பதில் நான் தலையிடுவதில்லை. படித்த கதையைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்வதும் இல்லை. அப்படிக் கேட்டால் அடுத்த புத்தகம் அலமாரியிலேயே தங்கிவிடும்.

தேறாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். விடுமுறைப் பயிற்சிப் புத்தகங்கள் முதல் வாரம் பளபளக்கும், மூன்றாவது வாரம் கட்டிலுக்கு அடியில் இருக்கும். நட்சத்திரமும் பதக்கமும் தருகிற சந்தாச் செயலி ஒன்றையும் வைத்திருந்தோம். தெரிந்த எளிய கணக்கையே மீண்டும் மீண்டும் போட்டால் நட்சத்திரம் குவியும் என்பதை மகன் இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டான். அவன் புத்தியை மெச்சுவதா, கட்டிய பணத்துக்கு அழுவதா? போதாக்குறைக்கு, நிறுத்தச் சொல்லாவிட்டால் சந்தா தானாகவே நீளும். இலவச மாத வசதியோடு வரும் எந்தச் செயலியையும் நிறுவிய அன்றே ரத்துசெய்யும் தேதியை நாட்காட்டியில் குறித்துவைப்பது நல்லது.