வாலா, விசிலா?

பழைய கார்ட்டூன்களில் எது மேல், ஊமைப்படத்து ஃபெலிக்ஸ் பூனையா, ஒலியோடு வந்த மிக்கி மவுஸா? 1919-இல் வந்த ஃபெலிக்ஸுக்குப் பேச்சே தேவைப்படவில்லை. யோசிக்கும்போது தலைக்கு மேல் கேள்விக்குறி முளைக்கும். அதையே பிடுங்கிக் கொக்கியாக்கிக்கொள்ளும். வால் கழன்று கைத்தடியாகும். ஓட்டோ மெஸ்மர் வரைந்த அந்தக் கோடுகளிலேயே மொத்தச் சிரிப்பும் இருந்தது.

1928 நவம்பரில் நியூயார்க்கில் திரையிட்ட ‘ஸ்டீம்போட் வில்லி’ என்ற டிஸ்னியின் ஒலிக் கார்ட்டூனில் மிக்கி மவுஸ் விசிலடிக்கிறது, மாட்டின் பற்களைத் தட்டிப் பாட்டு வாசிக்கிறது. தட்டும் தாளமும் ஒன்றாக விழும். தாளக் கணக்கை முதலிலேயே போட்டுக்கொண்டுதான் படங்களை வரைந்தார்கள். ஃபெலிக்ஸுக்கோ முடிந்த படத்தின் மேல் பிற்பாடு ஒலியைச் சேர்த்தார்கள், ஒட்டவே இல்லை.

கற்பனையில் எனக்கு ஃபெலிக்ஸ்தான் ஒரு படி மேல். முதல்முறை பார்க்கும் குழந்தைக்கு எதைப் போடலாம் என்றால், சரி, மிக்கியைப் போடுங்கள். அப்புறம் ஃபெலிக்ஸைக் காட்டுங்கள், பின்னணி இசை எதுவும் இல்லாமல்.