ஸ்டெய்னரின் 'தி குருசிஃபிக்‌ஷன்' இசைப் பிரதி: திருகோணமலைக் குழுக்களுக்குச் சரிவருமா?

லெந்து காலத்தில் (தவக்காலத்தில்) பாட முழு நீளப் படைப்பொன்று தேடும் சிறிய பாடகர் குழுவுக்கு, இயேசுவின் சிலுவை மரணத்தைப் பாடும் இந்தப் படைப்பின் நொவெல்லோ பதிப்பகப் பிரதி நல்ல தெரிவு. ஜோன் ஸ்டெய்னர் 1872 முதல் 1888 வரை லண்டன் சென் போல்ஸ் பேராலயத்தில் ஓர்கன் வாசித்தவர். ஆனால் இதை அங்குள்ள குழுவுக்காக எழுதவில்லை. லண்டன் மரிலபோன் பங்குக் கோயில் குழுவுக்காக எழுதினார். 1887 பெப்ரவரி 24 அன்று, சாம்பல் புதனுக்கு மறுநாள், அங்கேயே அரங்கேறியது. டெனர் (உயர்ந்த ஆண்குரல்), பேஸ் (தாழ்ந்த ஆண்குரல்) தனிக்குரல்கள் இரண்டு, நாற்குரல் குழு, ஓர்கன், இடையிடையே சபையார் பாட ஞானப்பாட்டுகள். ஏறத்தாழ 70 நிமிடம்.

குழுப் பகுதிகள் கைக்கு எட்டியவைதான். சிக்கல் ஆண்குரல்களில்: சிலுவையில் இயேசு சொன்ன வார்த்தைகள் சிலவற்றை டெனரும் பேஸும் சேர்ந்து பாட வேண்டும். குரலுக்கு மூன்று பேராவது இல்லையென்றால் மெலிந்து கேட்கும்.

பேராலயக்காரரின் கை தெரிவது ஓர்கனில். கல்வாரிப் பவனியின் அணிநடை காலால் வாசிக்கும் பெடல் கட்டைகளை நம்பி நிற்கிறது. பெடல் இல்லாத 61 கட்டைக் கீபோர்ட்டில் அடிச்சுரம் வெறுமையாகிவிடும். ஸ்ப்ளிட் போட்டு (கீபோர்ட்டை இரண்டாகப் பிரித்து), இடப்பக்கத்தை ஓர் ஒக்டேவ் இறக்கி, பெடல் சுரங்களை மட்டும் இடக்கையால் வாசியுங்கள். மற்றவற்றில் முக்கியமானதை வலக்கை பார்க்கட்டும். டச் ரெஸ்பொன்ஸை (அழுத்தத்துக்கேற்ப ஒலியைக் கூட்டிக் குறைப்பதை) நிறுத்துங்கள், ஓர்கன் ஒலிக்கு அது ஆகாது. சஸ்டெயின் பெடலில் கால் வைத்தால் எல்லாம் குழம்பும். கட்டையில் விரல் மாற்றித்தான் சுரங்களை இணைக்க வேண்டும்.

'கோட் ஸோ லவ்ட் த வேர்ல்ட்' பகுதிக்கு வாத்தியமே இல்லை. ஜி மேஜரில் தொடங்கும். மெதுவாகப் பாடும்போது மூச்சு தளர்ந்து, முடியுமுன் சுருதி இறங்கிவிடும். ஒத்திகையில் கடைசிச் சுரத்தைப் பிடித்தபடியே நிற்கச் சொல்லி, கீபோர்ட்டில் ஜி தட்டிப் பாருங்கள். உண்மை வெளிப்பட்டுவிடும்.

தமிழாக்கிப் பாடுவோர் குறில் நெடிலைப் பாருங்கள். நீண்ட சுரத்தில் 'மரி' வந்தால் 'மாரி' ஆகும். பெரிய வெள்ளியன்று மழை பெய்யும்.

பழைய பதிப்பின் ஸ்கேன் இணையத்தில் இலவசம். பாடலாசிரியர் ஸ்பாரோ சிம்ப்சன் 1952இல் இறந்தவர், பதிப்புரிமைக்கான 70 ஆண்டுகள் தாண்டிவிட்டன. பிரிண்ட் எடுத்தால் ஸ்பைரல் பைண்டிங் செய்யுங்கள்: கடற்காற்றில் ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து நடுப்பக்கம் கழன்றுவிடும். ஓர்கன்காரரின் பிரதிக்கு இரண்டு கிளிப்பும் வேண்டும், மின்விசிறி தானாகப் பக்கம் புரட்டும்.