தஞ்சாவூர் பெரிய கோயில் போகிறவர்கள் கவனத்துக்கு: "ஆர்ட்டிஸ்ட் வீடு" காட்டும் கைடு

லீவுக்குக் குடும்பத்தோடு தஞ்சாவூர் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரிய கோயில் வாசலில் கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு வரும் சிலரிடம் ஜாக்கிரதை. கைடு காசு சின்ன விஷயம். பெரிய அடி, தஞ்சாவூர் ஓவியம் வாங்க அவர்கள் கூட்டிப்போகும் இடத்தில்தான் விழுகிறது.

நாங்கள் மன்னார்குடி. ஓசூரிலிருந்து அக்கா, அத்தான், அவர்கள் மகள் வந்திருந்தார்கள். கூட என் மனைவி, மாமனார். பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கி, நடந்தே கோயில், அரண்மனை, சரஸ்வதி மகால் என்று திட்டம். செருப்பு விட்டுத் திரும்புவதற்குள் ஒருவர் வந்து நின்றார். "300 ரூபா குடுங்க சார், எல்லாத்தையும் காட்டுறேன்." சரி என்றோம்.

விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று ஆரம்பித்தார். காலை நேரம். அதைச் சொன்னபோது மேற்குப் பக்கம் நாங்கள் ஒதுங்கி நின்றிருந்ததே அந்த நிழலில்தான். "அப்ப இது என்ன அங்கிள்?" என்று அக்கா மகள் தரையைக் காட்டினாள். "அது வேற நிழல் பாப்பா" என்றார் மனிதர்! உச்சியில் இருப்பது 80 டன் ஒற்றைக் கல், நந்தி ராஜராஜன் வைத்தது என்று வரிசையாக விட்டார். உச்சி பல கற்களைச் சேர்த்துக் கட்டியது, நந்தி நாயக்கர் காலத்தது. போகட்டும், கதைதானே.

மாமனார் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அவர் வந்ததே கல்வெட்டுக்காக. தான் கொடுத்தது, அக்கன் (அக்கா) கொடுத்தது, பெண்டுகள் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லிலே வெட்டச் சொன்னானே ராஜராஜன், அந்த வரியைத் தேடி அடித்தளத்தைச் சுற்றிக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். "அதெல்லாம் புரியாதுங்கய்யா, வெயில் ஏறுது, வாங்க" என்று கைடு விரட்டிக்கொண்டே இருந்தார். அவருடைய அவசரம் வேறு.

அரண்மனைக்குக் குறுக்கு வழி என்று சந்து சந்தாக நடத்தி ஒரு வீட்டு வாசலில் நிறுத்தினார். "பரம்பரை ஆர்ட்டிஸ்ட் வீடு. கடை இல்ல, சும்மா பாருங்க." உள்ளே ஒரு பையன் பலகையில் சுண்ணப் பசையால் மேடு எழுப்பிக்கொண்டிருந்தான். அது அசல் வேலைதான். விற்கிற சரக்குதான் வேறு. காபி வந்தது. தவழும் கண்ணன் படம், 22 காரட் தங்க ரேக் (மெல்லிய தங்கத் தகடு), 14,000 என்று தொடங்கி 8,500-க்கு இறங்கினார்கள். அக்கா வாங்கினாள். பில் கேட்டதற்கு, "பில் போட்டா ஜிஎஸ்டி சேருமேம்மா." ஜிபேயில் கடைப் பெயர் வரவில்லை, யாரோ ஒரு தனி ஆள் பெயர் வந்தது. கோயிலுக்குக் கொடுத்த நகையை எடை போட்டுக் கல்லில் வெட்டிவைத்த ஊர் இது. 8,500 ரூபாய்க்கு ஒரு துண்டுச் சீட்டு இல்லை.

வெளியே வந்ததும் கைடு, 300 என்றது ஆளுக்கு என்றார். 6 பேருக்கு 1,800, ஏழு வயசுப் பிள்ளைக்கும் சேர்த்து. அத்தான் குரலை உயர்த்தியதும் அந்த வீட்டிலிருந்து இரண்டு பேர் வந்து நின்றார்கள். 1,000 கொடுத்து நகர்ந்தோம். அரண்மனைக்குப் போனபோது பிள்ளை நடக்கமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். தர்பார் மண்டபத்தை எட்டிப் பார்த்ததோடு சரி.

எங்கள் தெருவில் தஞ்சாவூர் ஓவியம் போடும் அம்மா ஒருவர் இருக்கிறார். படத்தைப் பார்த்ததுமே உதட்டைப் பிதுக்கினார். போன் கேமராவைப் பெரிதாக்கிக் கண்ணன் கன்னத்தில் வைக்கச் சொன்னார். நியூஸ் பேப்பர் படம் மாதிரி சின்னச் சின்னப் புள்ளிகள். அச்சடித்த தாளை ஒட்டி, ஓரங்களில் மட்டும் மேடு எழுப்பி, ஜிகினாத் தாளும் கல்லும் பதித்திருக்கிறார்கள். தங்கம் என்று ஒரு பொட்டு இல்லை.

பெரிய கோயிலுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. கைடு வேண்டுமென்றால் சுற்றுலாத் துறை அடையாள அட்டையை வாங்கிப் படித்துப் பாருங்கள், தொகை மொத்தமா ஆளுக்கா என்று முன்னாலேயே பேசுங்கள். படம் வாங்க காந்திஜி சாலையில் அரசின் பூம்புகார் கைவினைக் கடை இருக்கிறது. தனியார் கடை என்றால் முகத்தில் கேமராவை வைத்துப் பார்த்துவிட்டு, பில்லில் "தங்க ரேக்" என்று எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் வந்துவிடுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறோம். கையில் இருப்பது ஜிபே ஸ்கிரீன்ஷாட் மட்டும்தான். கோயில் பக்கத்துச் சந்தில் இதே மாதிரி "வீட்டில்" வாங்கியவர்கள் இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே கொடுப்போம்.